ஓரம் விட்ட பூச்சு

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் போவது பிறகு. முதலில் போவது சோறு. இதை அறிய வயதானவர் ஒருவர் சாப்பிடுவதை ஒரு வேளை அருகிலிருந்து பார்த்தால் போதும்.

பல்லில் குழி என்றதும் நம் நினைவுக்கு வருவது கடைவாய்ப் பல்லின் தலையில் விழும் கருங்குழிதான். அதைவிட அமைதியாகக் கேடு விளைவிக்கும் இடம் இன்னொன்று உண்டு. பல் ஈறுக்குள் இறங்கும் இடம் அது. பல்லின் கழுத்து என்று அதைச் சொல்லலாம். ஐம்பதைத் தாண்டிய நம் வட்டாரத்து உழைப்பாளிகள் பலரின் வாயில், பனை மரத்தில் அரிவாளால் கொத்திய கொத்தைப் போல, அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் இடம், ஆழமில்லாத பள்ளம். அடைப்பதற்கு இதைவிட எளிய இடம் உண்டா என்று தோன்றும். ஆனால் அடைத்தது விழுந்துவிடும் இடங்களில் இதற்கே முதல் வரிசை. ஏன் அப்படி என்பதே இக்கட்டுரை. நான் வேதியியல் மாணவி. என் அப்பா கொத்தனார். எங்கள் இருவர் தொழிலும் சேர்ந்துதான் இந்தக் கேள்விக்கு விடை கண்டது.

எங்கள் ஊர் செஞ்சி வட்டாரத்திலுள்ள பனமலை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் எங்கள் குன்றின்மேல் இருக்கிறது. அதன் சிறு கருவறை ஒன்றின் சுவரில், குடையின் கீழ் ஒரு கால் மடித்துச் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம் உண்டு. எதிரே ஆடிய இறைவனின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அதைப் பார்த்து நின்றவள் மட்டும் எஞ்சியிருக்கிறாள். வெளியூரிலிருந்து வருவோர் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். என் அப்பா பார்ப்பது அந்த ஓவியத்துக்கு அடியிலுள்ள சுண்ணப் பூச்சை. "ஆயிரத்து முந்நூறு வருசம் ஒரு பூச்சு நிக்குதும்மா. நாம போடறது மூணாம் வருசமே வெடிக்குது" என்பார். தொழில்காரன் பொறாமை என்று அதைச் சொல்லலாம். வேறு யாரிடமும் அவர் பொறாமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வலப்புறக் கடைவாய்ப் பற்கள் மூன்றை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். மெல்வதெல்லாம் இடப்புறத்தில்தான். அந்த இடப்புறத்துக் கீழ்ப்பற்கள் மூன்றிலும், மேலே கோரைப் பல்லிலும் ஆகமொத்தம் நான்கு பற்களில் இந்தக் கழுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. குளிர்ந்த நீர் பட்டால் மின்னல் வெட்டியது போல் வலி. நீராகாரம் குடிப்பவர் அதை வெயிலில் வைத்துக் குடிக்கத் தொடங்கினார்.

இந்தப் பள்ளம் எப்படி வருகிறது? ஒரே காரணம் சொல்வதற்கில்லை. செங்கற்பொடியும் உமிக்கரியும் சாம்பலும் போட்டுக் குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பது ஒன்று. புளிப்பும் அமிலமும் பல்லை இளக்குவது மற்றொன்று. மெல்லும் விசையில் பல் கடுகளவு வளைகிறது, அந்த வளைவின் சுமை கழுத்தில் சேர்ந்து அங்கே சிறிது சிறிதாகப் பல் உதிர்கிறது என்றொரு கருத்தும் உண்டு. 1991-இல் கிரிப்போ என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் அதற்குத் தனிப் பெயரே சூட்டினார். அது எவ்வளவு உண்மை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. வயதாக ஆக ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிவது இவை எல்லாவற்றுக்கும் துணைபோகிறது.

வலிக்குக் காரணம் தெளிவானது. பல்லின் வெளி உறையாகிய எனாமல் ஏறத்தாழ முழுவதும் கனிமம். அதற்கு உணர்ச்சி இல்லை. உள்ளே உள்ள டென்டைன் அப்படியன்று. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள் அதில் ஓடுகின்றன. குழாய்களில் நீர்மம் நிற்கிறது. குளிர்ச்சியோ காற்றோ பட்டால் அந்த நீர்மம் அசைகிறது. அசைவு நரம்பைத் தொடுகிறது. ஆகவே பள்ளத்தை அடைத்தால் வலி நிற்க வேண்டும். அப்பாவுக்கும் நின்றது. நான்கு மாதம் நின்றது.

அருகிலுள்ள நகரத்தில் ஒரு மருத்துவமனையில் அடைத்தோம். ஒரு பல்லுக்கு 800 ரூபாய். அப்பாவின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய அதுதான். வெள்ளை நிறத்தில், பல்லோடு பல்லாக அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் நான்கு பல்லும் முடிந்துவிட்டன. நான்காம் மாதம் ஒன்று சோற்றில் வந்தது. அதைக் கல் என்று எண்ணிய அப்பா, அரிசி சரியாகக் களையவில்லை என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அடுத்த மாதம் இன்னொன்று. திரும்பப் போய்த் திரும்ப அடைத்தோம், திரும்ப விழுந்தது. மூன்றாம் முறை அப்பா முடிவு கட்டிவிட்டார்: "மருந்து நல்லதில்லம்மா. நாலையும் புடுங்கிடலாம். ஒரே செலவோட போவட்டும்."

அந்த நான்கும் போனால் மெல்லுவதற்கு வாயில் எதிரெதிராய் இரண்டு பல் இருக்காது. நான் கேட்ட ஒரே சலுகை ஒரு மாதத் தவணை. அந்த மாதத்தில் எங்கள் துறை நூலகத்தில் பலபடிகள் பற்றிய நூல்களை எடுத்து உட்கார்ந்தேன்.

இந்த வெள்ளை அடைப்புப் பொருளுக்குக் கம்பாசிட் என்று பெயர். பிசினும் பொடியும் கலந்த கலவை அது. அதன் பிசினை உருவாக்கியவர் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன். 1962-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிசினோடு கண்ணாடி, குவார்ட்சு போன்றவற்றின் நுண்பொடியைச் சேர்க்கிறார்கள். எடையில் 100-க்கு 70 முதல் 80 பங்கு வரை பொடிதான். சாந்தில் மணல் எதற்கு என்று கேட்டால் எந்தச் சித்தாளும் சொல்லிவிடுவார். மணலில்லாச் சுண்ணாம்பு வெடித்துப் போகும். இங்கும் அதே கணக்குத்தான்.

பிசின் இறுகும்போது ஏன் சுருங்குகிறது என்பதில்தான் வேதியியலின் சுவை இருக்கிறது. இறுகுவதற்கு முன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடாமல், திருவிழாக் கூட்டத்தில் அறிமுகமில்லாதவர்கள் நிற்பது போல், ஏறத்தாழ 0.3 முதல் 0.4 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. மருத்துவர் நீல ஒளியைக் காட்டுகிறார். பிசினுக்குள் கற்பூரத்திலிருந்து பெறப்படும் ஒரு மஞ்சள் சேர்மம் சிறிதளவு இருக்கிறது. அது நீல ஒளியை விழுங்கி வினையைத் தொடங்கிவைக்கிறது. (கோயிலில் ஏற்றுகிற கற்பூரத்தின் உறவுக்காரன் பல் மருத்துவமனையில் இருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.) வினை தொடங்கியதும் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகின்றன. கைகோத்தபின் இடைவெளி ஏறத்தாழ 0.15 நானோமீட்டர். கோடானுகோடி மூலக்கூறுகள் இப்படி நெருங்கி நின்றால் மொத்தப் பருமன் குறையாமல் என்ன செய்யும்? பழைய அக்ரிலிக் பிசினின் மூலப்பொருளாகிய மெத்தில் மெத்தக்ரிலேட்டு தனியாக இறுகினால் 100-க்கு 21 பங்கு சுருங்கும். போவனின் பெரிய மூலக்கூறும், அதனோடு சேர்ந்த பொடியும் இதைப் பெரும்பாலும் 2 அல்லது 3 பங்காகக் குறைத்துவிட்டன. ஆயினும் சுழியாக்க முடியவில்லை.

இரண்டு, மூன்று பங்கு என்பது அற்பமாகத் தோன்றும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பருமனில் 2.5 பங்கு என்றால் நீளத்தில் ஏறத்தாழ 0.8 பங்கு. இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் அடைப்பில் அது 16 மைக்ரான். அந்தச் சுருக்கம் முழுவதும் ஒரே விளிம்பில் விழுந்தால் அங்கே 16 மைக்ரான் சந்து திறக்கும். பல்லரிக்கும் நுண்ணுயிரியின் பருமன் ஒரு மைக்ரான் அளவே. பதினாறு பேர் தோளோடு தோள் உரசி நுழையும் அகலம்.

சுருக்கத்தால் மட்டும் கேடில்லை. உள்ளங்கையில் வைத்த பிசின் உருண்டை இறுகினால் கொஞ்சம் சிறுத்துப் போகும், அவ்வளவுதான். சுவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சுருங்க முற்படுவதே சிக்கல். சித்திரை மாதத்தில் எங்கள் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. களிமண் காய்ந்து தன்னைத் தானே உள்ளிழுக்கிறது; நடுவில் பாளம் பாளமாக வெடிக்கிறது; மதகின் கல்லை ஒட்டிய இடத்தில் கல்லை விட்டு விலகுகிறது. எதுவரை மண் சேறாக இருக்கிறதோ அதுவரை வழிந்து இடங்கொடுக்கும். சேறு கெட்டியான பிறகே இழுப்பு தொடங்கும். பிசினும் அப்படியே. குழம்பாக இருக்கும் வரை சுருக்கத்தை அதன் ஓட்டம் சரிசெய்துவிடுகிறது. கெட்டியான நொடிக்குப் பின் வரும் சுருக்கம் முழுவதும் தகைவாக மாறுகிறது. ஒட்டிய சுவர்களைப் பிடித்து உள்நோக்கி இழுக்கிறது.

எத்தனை சுவரில் ஒட்டியிருக்கிறது, எத்தனை முகம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த இழுப்பு கூடும், குறையும். 1987-இல் ஆலந்து நாட்டின் ஃபைல்சரும் அவர் தோழர்களும் இதை ஒரு விகிதமாகவே எழுதிவைத்தார்கள். பெட்டி போன்ற குழியில் ஐந்து முகம் ஒட்டியிருக்கும், ஒரு முகம் திறந்திருக்கும், விகிதம் ஐந்து. கழுத்துப் பள்ளம் பெட்டி போன்றதன்று. வாய் அகன்ற பள்ளம், விகிதம் குறைவு. அப்படியானால் இழுப்பும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். இழுப்பு குறைவான இடத்தில் அடைப்பு ஏன் முதலில் விழுகிறது?

விடை இழுப்பில் இல்லை, பிடியில் இருக்கிறது. 1955-இல் மைக்கேல் புவனோகோர் என்னும் அமெரிக்கர், உலோகத்தில் வண்ணம் ஒட்டுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்து, அதையே பல் எனாமலில் செய்து பார்த்தார். அமிலம் எனாமலை நுண்ணிய பொருக்குகளாக அரித்தது. பிசின் அதற்குள் புகுந்து இறுகிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை பல் மருத்துவத்தில் அதற்கு இணையான பிடி இல்லை. ஆனால் எனாமல் கழுத்தை நோக்கி வர வர மெலிந்து, கத்தி விளிம்பு போலாகி, அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர். ஆகவே கழுத்துப் பள்ளத்தின் மேல் விளிம்பு எனாமலில் இருக்கிறது. கீழ் விளிம்பு டென்டைனில் இருக்கிறது. டென்டைன் ஈரமுள்ளது, உயிர்ப்பொருளும் நீரும் கலந்தது, வயதானவர்களுக்கோ அது கண்ணாடி போல் மினுங்கி, அமிலத்துக்கும் எளிதில் இசையாது. கயிறிழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் பயில்வானையும் மறு பக்கம் காய்ச்சலில் எழுந்தவரையும் நிறுத்தினால் யார் கை விடும்? பிசின் மேல் விளிம்பை நோக்கிச் சுருங்குகிறது. கீழ் விளிம்பு விட்டுப்போகிறது. அது ஈறை ஒட்டிய விளிம்பு; எச்சிலும் ஈறின் கசிவும் எந்நேரமும் நனைக்கும் விளிம்பு; கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத விளிம்பு.

இத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வேறொரு பல் மருத்துவரிடம் அப்பாவை அழைத்துச் சென்றேன். இளம் வயதினர் அவர். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அதை மூடிவைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்:

"ஐயா, நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"கொத்து வேலைங்க டாக்டரம்மா."

"பழைய சுவத்துல புதுசா பூசணும்னா என்ன பண்ணுவீங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல கொத்துவோம். வழவழன்னு இருந்தா பூச்சு நிக்காது. அப்புறம் தூசி தட்டித் தண்ணி தெளிப்போம். சொட்டச் சொட்டவும் இருக்கக்கூடாது, காஞ்சும் இருக்கக்கூடாது. காஞ்சிருந்தா சுவரு சாந்துல இருக்கிற தண்ணிய குடிச்சிடும்."

"பூச்சு கனமா வேணும்னா?"

"ஒரே தடவையா அப்பினா வெடிச்சிடும்மா. ரெண்டு பூச்சா, மூணு பூச்சா போடணும். அதுக்கு அவசரப்படக்கூடாது."

"விட்டா எங்கே விடும்?"

"நடுவுல எங்கம்மா விடும்? ஓரத்துலதான் விடும்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். என் ஒரு மாதப் படிப்பு நான்கு விடைகளில் முடிந்துவிட்டது. அமிலம் வைப்பது சுவரைக் கொத்திவிடுவது. டென்டைனை முற்றும் உலர்த்திவிட்டால் அதிலுள்ள நார்கள் படிந்துபோய்ப் பிசின் உள்ளே இறங்காது, நனைந்திருந்தாலும் ஒட்டாது. கம்பாசிட்டை இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஒளிகாட்டி இறுக்கி வைக்க வேண்டும்; எதிரெதிர் விளிம்புகளை ஒரே அடுக்கில் சேர்க்காமல் சாய்த்து வைத்தால் இழுப்பு இன்னும் குறையும்.

"அப்போ போன தடவை வெச்சவரு ஏன் அப்படிப் பண்ணல?" என்று அப்பா கேட்டார். மருத்துவர் அதற்கு நேர்விடை தரவில்லை. "உங்க பல்லு கஷ்டமான எடம் ஐயா" என்றார். என் கருத்தைக் கேட்டால், பத்து நிமிடத்தில் நான்கு பல் என்பதிலேயே விடை இருக்கிறது என்பேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் இடத்தில் ஒரு பல்லுக்கு அரை மணி நேரம் யார் கொடுக்க முடியும்? பொருளுக்குப் பொறுமை தேவை. பொறுமைக்குக் கட்டணப் பட்டியலில் இடமில்லை. மருந்து நல்லதில்லை என்று நோயாளி சொல்கிறார். வீட்டில் ஒழுங்காகத் துலக்கவில்லை என்று மருத்துவர் சொல்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு பல் பிடுங்கப்படுகிறது.

பிறகு மருத்துவர் இன்னொரு பொருளைப் பற்றிச் சொன்னார். கண்ணாடி அயனோமர் என்பது அதன் பெயர். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அரசு வேதியியலாரின் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்சனும் கென்ட்டும் உலகுக்கு அறிவித்தது. ஃபுளோரைடு கலந்த கண்ணாடிப் பொடியையும் ஓர் அமிலப் பலபடியையும் குழைத்தால் இது கிடைக்கிறது. இந்த அமிலம் பல்லிலுள்ள கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்புக் கொள்கிறது. ஒட்டவைக்க நடுவில் தரகர் தேவையில்லை. ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறது. ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. இதுவும் சுருங்கவே செய்கிறது. ஆனால் மெல்ல மெல்ல இறுகுவதால் இழுப்பு சேர்வதற்குள் பெரும்பகுதி தணிந்துவிடுகிறது.

"சுண்ணாம்பு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அப்பா. "சிமிட்டி சட்டுனு இறுகும், வெடிக்கும். சுண்ணாம்பு மெதுவா இறுகும், வளைஞ்சு குடுக்கும்."

இதன் குறைகளையும் மருத்துவர் மறைக்கவில்லை. கம்பாசிட்டின் பளபளப்பு இதற்கு வராது, நிறம் சற்று மங்கல், தேய்வும் அதிகம். ஆனால் மருத்துவர்கள் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துச் செய்த ஆய்வுகளில், கழுத்துப் பள்ளங்களில் விழாமல் நிற்பதில் இது முன்வரிசையில் இருக்கிறதாம். விலையும் குறைவு. நல்ல பொருள் என்றால் விலை கூடிய பொருள் என்று பழகிப்போன நமக்கு இதை நம்புவது கடினம். அப்பா தயங்கவே இல்லை.

கீழ்ப்பற்கள் மூன்றுக்கும் கண்ணாடி அயனோமர் என்று முடிவாயிற்று. மேல் கோரைப் பல் சிரித்தால் தெரியும் பல். அதற்குக் கம்பாசிட் வைக்கட்டுமா என்று மருத்துவர் கேட்டார். "இந்த வயசுல யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, "சரி, வெள்ளையே வெச்சிடுங்க" என்றார் அப்பா. மறு ஆண்டு அக்காவின் திருமணம்.

முதலில் ஈறின் ஓரத்தில் மெல்லிய நூலைச் செருகிக் கசிவை நிறுத்தினார்கள். கன்னத்தில் பஞ்சுச் சுருள். கீழ்ப்பற்களில் அயனோமரை வைத்துக் கையால் அழுத்தி, இறுகும் வரை காத்திருந்து, மேலே ஒரு பூச்சுத் தடவினார்கள். முதல் நாளில் ஈரம் படுவதும் உலர்ந்துபோவதும் அதற்கு ஆகாது. கோரைப் பல்லில் மட்டும் மூன்று அடுக்கு. முதல் அடுக்கை ஈறை ஒட்டிய விளிம்பில் வைத்து ஒளி காட்டினார்கள். மெலிந்தவனுக்கு முதலில் பிடிமானம் கொடுத்துவிட்டுப் பிறகு பயில்வானைச் சேர்ப்பது. மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்பா கண்ணை மூடவே இல்லை. தலைக்கு மேலிருந்த விளக்கின் கண்ணாடியில் தெரிந்த வேலையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும், "கை சுத்தம்" என்றார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தூரிகையைக் குறுக்கே இழுக்காமல் ஈறிலிருந்து பல்லை நோக்கித் துலக்கச் சொன்னார்கள். மென்மையான தூரிகை, செங்கற்பொடியும் உமிக்கரியும் கூடாது. இந்த ஒன்றில்தான் வீட்டில் சண்டை. நாற்பது ஆண்டுப் பழக்கம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததால் போய்விடுமா? அம்மா உமிக்கரி டப்பாவை எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார். அப்பா அதைத் தேடாமல் இருக்கிறார்.

இது நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கீழ்ப்பற்கள் மூன்றிலும் வைத்தது அப்படியே இருக்கிறது; நிறம்தான் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது. கோரைப் பல்லில் வைத்த அடைப்பின் விளிம்பில், ஈறை ஒட்டி, மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. சென்ற மாதம் மருத்துவர் கூர்முனைக் கருவியால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கருவி மாட்டவில்லை, விளிம்பைத் தேய்த்து மெருகிட்டால் போதும், ஆறு மாதம் கழித்து மீண்டும் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, உதட்டை விரலால் தூக்கி, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.